கடற்காற்றும் குளிரூட்டியின் ஆயுளும்

வீட்டுக்கு ஒரு குளிரூட்டி வாங்கச் செல்வோர், விலையைக் கேட்டபின் அடுத்ததாகக் கேட்கும் கேள்வி, "எத்தனை வருடம் பாவிக்கலாம்?" என்பதாகும். கடைக்காரர் கூறும் விடையும் எங்கும் ஒன்றே. பத்து வருடம், கவனமாகப் பாவித்தால் பதினைந்து. இக்கணக்குப் பொய்யன்று. பொறியியலாளர் பொதுவாகக் கொண்டுள்ள மதிப்பீடும் ஏறத்தாழ அதுவேயாகும். ஆயினும் அஃது எந்த ஊருக்குரிய கணக்கு என்பதை வாங்குவோரும் கேட்பதில்லை, விற்போரும் சொல்வதில்லை. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று கடலை ஒட்டிக் கிடக்கும் நம் ஊர்களில், ஐந்தாம் ஆண்டிலேயே வெளிப்பெட்டி உளுத்து உதிர்ந்துபோன வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். அதே வகைப் பெட்டி மேற்கே சம்மாந்துறை வயலோரத்தில் பத்தாண்டு கடந்தும் சலிக்காமல் ஓடுகிறது. பெட்டி ஒன்றே; காற்று வேறு.

குளிரூட்டியை ஆடம்பரப் பொருள் என்று ஒதுக்கிவிட்ட காலம் போய்விட்டது. வைகாசி பிறந்ததும் மலையைத் தாண்டி இறங்கி வரும் கச்சான் காற்றின் வெம்மையை, இக்கரையில் ஒரு பகல் இருந்தவரும் மறவார். முன்னைய கிடுகுக் கூரைகள் போய்க் கொங்கிறீற்றுத் தட்டுகள் வந்துவிட்டன. பகலெல்லாம் வெயிலை விழுங்கிய தட்டு, இரவெல்லாம் அதை உறங்குவோர் மீது உமிழ்கிறது. நோயாளியான மூதாட்டிக்காகவும், பிறந்து நாற்பது நாள் ஆகாத குழந்தைக்காகவும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்காகவும் ஓர் அறையிலாவது குளிர் வேண்டும் என்று குடும்பங்கள் முடிவு செய்கின்றன. அதற்கான பணம் பெரும்பாலும் கட்டாரிலோ சவூதியிலோ உழைப்பவர் அனுப்பியது. அன்றேல் தவணைக் கடன். அன்றேல் அடகு வைத்த நகை. கடன் தீருமுன்னர் பெட்டி தீர்ந்துவிடுமாயின் அது சிறு நட்டமன்று.

2016 தொடக்கம் 2019 வரையிலான ஆண்டுகளில் நோன்பு மாதம் வைகாசி, ஆனி வெயிலோடு சேர்ந்தே வந்தது. அவ்வாண்டுகளில் வாங்கிய பெட்டிகளுள் எத்தனை இன்றும் குளிர் தருகின்றன என்று அயலில் விசாரித்துப் பார்ப்பது பயனுள்ள ஆராய்ச்சியாகும். ஒரே தெருவில், ஒரே காலத்தில் வாங்கப்பட்ட இரு பெட்டிகளின் விதி ஒன்றாயிராது. அந்த வேற்றுமைக்குக் காரணம் பெரும்பாலும் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயரில் இல்லை.

குளிரூட்டி குளிரை உண்டாக்குவதில்லை என்பதை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய் வெளியே கொட்டுவதே அதன் தொழில். 1902ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரூக்ளின் நகரில், ஓர் அச்சகத்துத் தாள்கள் ஈரக்காற்றால் சுருங்கியும் விரிந்தும் தொல்லை தந்தமையால், வில்லிஸ் கேரியர் என்னும் இளம் பொறியியலாளர் இதற்கு வழி வகுத்தார். மனிதரின் சுகத்துக்கன்று, தாளின் சுகத்துக்காகப் பிறந்த கருவி இது! உள்ளே ஒரு குழாய்ச் சுருள், வெளியே ஒரு குழாய்ச் சுருள், இரண்டுக்கும் இடையே வாயுவை அழுத்திச் சுற்றவிடும் கொம்பிறசர் என்னும் அமுக்கி. உள்ளே பெற்ற வெப்பத்தை வெளிச்சுருள் காற்றில் விட்டால்தான் கருவி இயங்கும். அந்த வெளிச்சுருளையே நம் கடல் தின்கிறது.

உப்பின் வேலை

அலை கரையில் உடையும்போது கண்ணுக்குப் புலப்படாத நீர்த்துளிகள் காற்றில் எழுகின்றன. நீர் உலர்ந்ததும் உப்பு மட்டும் மிதந்து வருகிறது. கரையிலிருந்து முதற் சில நூறு மீற்றருக்குள் அதன் அளவு மிக அதிகம். அப்பால் விரைந்து குறையும். நம் ஊர்களோ கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பட்டையில் நெருக்கமாக அமைந்தவை. மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று நோக்கிச் செல்லும் பெருந்தெருவுக்குக் கிழக்கே குடியிருப்போருக்கும் மேற்கே குடியிருப்போருக்கும் இவ்விடயத்தில் பெரும் வித்தியாசம் உண்டு. ஒலுவிலிற்போலக் கடல் கரையை அரித்து உள்வந்துவிட்ட இடங்களில், முன்பு கடலுக்குத் தூரமாக இருந்த வீடுகூட இன்று அண்மையில் நிற்கிறது.

மாரி காலத்தில் அடுக்களையில் உப்புச் சட்டி கசிவதை நம் தாய்மார் அறிவர். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டியதும், உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடலுப்பில் வேறு சில உப்புகளும் கலந்திருப்பதால் அதற்கு முன்னரே அது ஈரமாகிவிடும். ஆகவே வெளிச்சுருளில் படிந்த உப்பு, மழையே பெய்யாத இரவிலும் உவர்நீராகவே அதன்மேல் கிடக்கிறது.

பெரும்பாலான பெட்டிகளில் குழாய் செப்பு. அதனைத் தழுவி நிற்கும் மெல்லிய தகடுகள் அலுமினியம். செப்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டபடி உவர்நீரில் நனைந்தால், அங்கே ஒரு சிறு மின்கலம் உண்டாகிவிடுகிறது. அம்மின்கலத்தில் கரைந்து அழிவது அலுமினியம். தகடுகள் முதலில் மங்கி, பின் வெண்பொடியாகி, விரல் பட்டதும் உதிர்கின்றன. தகடு போனால் வெப்பம் வெளியேறும் வழி அடைபடும். வெப்பம் போகாவிட்டால் வாயுவின் அழுத்தம் ஏறும். அமுக்கியின் உழைப்பும் சூடும் ஏறும். மோட்டார்ச் சுற்றின் காவலியானது, சூடு 10 பாகை கூடும்போது ஏறக்குறையத் தன் ஆயுளிற் பாதியை இழக்கும் என்பது மின்பொறியியலாளர் கைக்கொள்ளும் கணக்கு. இறுதியில் "கொம்பிறசர் எரிந்துவிட்டது" என்ற செய்தி வீட்டுக்கு வருகிறது. உண்மையில் எரிந்தது கடைசியில், உதிர்ந்தது முதலில். பல ஆண்டுகளாக இத்தொழில் செய்யும் ஒருவர் நம்மிடம் இதனைச் சுருக்கமாகச் சொன்னார்: "சேர், இது மிசின்ட பிழையில்ல. கடல் தின்னுது. கழுவாம வெச்சா நாங்க என்ன செய்யிற?"

உத்தரவாதப் பத்திரத்தைப் பெட்டியோடு சேர்த்துக் கட்டி அலுமாரியில் வைத்துவிடுகிறோம். அதனை எடுத்து ஒருமுறை வாசிப்பது நன்று. அமுக்கிக்கு ஐந்தாண்டு, பத்தாண்டு என்று பெரிய எழுத்தில் இருக்கும். உப்புக்காற்றால் வரும் துரு அதில் அடங்காது என்று சிறிய எழுத்திலும் பல பத்திரங்களில் இருக்கும்.

எங்கே மாட்டுவது, எதனால் கழுவுவது

வெளிப்பெட்டியைக் கடல் நோக்கிய சுவரில் மாட்டுவது, கருவாட்டை உப்பில் போட்டு வைப்பதற்கு ஒப்பானது. வீட்டின் சுவரே கடற்காற்றை மறைக்குமாறு, இயன்றவரை மறுபக்கத்தில் அதனை வைத்தல் வேண்டும். மேற்குச் சுவராயின் பிற்பகல் வெயிலும் கச்சானும் தாக்குமே என்று கேட்கலாம். அதற்கு மேலே ஒரு சிறு நிழற்கூரை போதும். முன்னும் பின்னும் காற்றோடும் இடைவெளியை மட்டும் அடைத்துவிடலாகாது. நம் வளவுகள் ஒடுங்கியவை. இரு மதில்களுக்கு இடைப்பட்ட ஒரு முழ இடைவெளியில் பெட்டியைச் செருகி, அது கக்கிய வெப்பத்தையே அது மீண்டும் விழுங்கும்படி செய்துவிடுகிறோம்.

இங்கே ஒரு வியப்பான செய்தி. தாழ்வாரத்தின் கீழ் மழைபடாமல் பாதுகாப்பாக மாட்டிய பெட்டி, மழையில் நனையும் பெட்டியிலும் விரைவாகத் துருப்பிடிப்பதுண்டு. மழை உப்பைக் கழுவிவிடுகிறது. தாழ்வாரம் உப்பைச் சேமித்து வைக்கிறது. வாடைக்காற்று வீசும் மாரியில், குளிரூட்டி தேவையில்லை என்று இரண்டு மாதம் நிறுத்திவிடுகிறோம். அக்காலத்தில்தான் காற்று நேரே கடலிலிருந்து வருகிறது. ஓடாத பெட்டி தேய்வதில்லை என்பது நம் எண்ணம். உப்புக்கோ ஓடுவதும் ஒன்றே, ஓய்வதும் ஒன்றே.

ஆதலின் கழுவுதலே இக்கரையின் முதல் மருந்து. பிரதான ஆளியை நிறுத்திவிட்டு, சாதாரணக் குழாயால் நன்னீரை மெதுவாக ஓடவிட்டு, வெளிச்சுருளைக் கழுவ வேண்டும். வாகனம் கழுவும் வேகநீர் ஆகாது, தகடுகள் மடிந்துவிடும். கடலுக்கு அண்மையில் உள்ளோர் மாதம் ஒருமுறையும், வயற்பக்கத்தார் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் செய்தால் நன்று. "பளிச்" என்று ஆக்குவதாகச் சொல்லிச் சிலர் தெளிக்கும் கடும் அமிலம், அழுக்கோடு அலுமினியத்தையும் கொண்டுபோகிறது. அதனை அனுமதியாதிருத்தல் வேண்டும்.

நன்னீர் என்று வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின் கரையோரக் கிணறுகள் உவர்த்துக் கிடந்ததை நம்மவர் மறந்திலர். பின்னர் அவை தெளிந்தனவாயினும், கடலுக்கு மிக அண்மையான கிணறுகளில் கோடைகாலத்து நீர் நாவுக்கே உவர்க்கும். அந்நீரால் கழுவுவது உப்பின் மேல் உப்பு வார்ப்பதாகும். குழாய்நீரே தக்கது. குழாய்நீர் அரிதான வீட்டாருக்கு அப்பெட்டியே ஒரு வழி தருகிறது. உட்பெட்டியிலிருந்து சொட்டும் நீர், காற்றின் ஈரம் குளிர்ந்து வந்தது. மழைநீரைப் போல் உப்பற்றது. ஈரம் மிகுந்த இரவில் மணிக்கு ஒரு லீற்றர் அளவுக்கும் அது சொட்டக்கூடும். ஒரு வாளியில் பிடித்து வைத்தால் மறுநாட் காலையில் வெளிச்சுருளுக்கு அதுவே ஸ்நானம்.

தகடுகளுக்கு நீல நிறமோ பொன் நிறமோ பூசிய பெட்டிகள் கிடைக்கின்றன. அப்பூச்சு அரிப்பைத் தாமதப்படுத்தும், நிறுத்திவிடாது. எனினும் இக்கரையில் வாங்குவோர் அதற்கெனச் சிறிது கூடுதலாகச் செலவிடுவது வீண்போகாது. பெட்டியைத் தாங்கும் இரும்புக் கைகளையும் கவனித்தல் வேண்டும். பெட்டி நன்றாக ஓட, அதைத் தாங்கும் கை துருப்பிடித்து முறிந்தால், கீழே நடப்போர் கதி என்னாவது?

"காஸ்" என்னும் மாயை

ஆண்டுதோறும் குளிரூட்டிக்குக் "காஸ்" போட வேண்டும் என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியுள்ளது. மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் போடுவதைப் போல இதனையும் கருதுகின்றோம். இது முற்றிலும் பிழையான எண்ணம். குழாய்க்குள் இருக்கும் வாயு எரிந்து தீர்வதன்று. மூடிய வட்டத்துக்குள் அதுவே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. ஒழுக்கில்லாத பெட்டிக்கு அதன் ஆயுள் முழுவதும் முதலில் இட்ட வாயுவே போதும். வாயு குறைந்திருக்குமாயின் எங்கோ ஒழுக்கு உண்டு. ஒழுக்கைத் தேடாமல் வாயுவை மட்டும் நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதே. அதற்குக் கொடுக்கும் ரூபாவைக் கூட்டிப் பார்த்தால், நான்கு ஆண்டில் சுருளையே மாற்றியிருக்கலாம்.

ஒழுக்கு வெளிச்சுருளில் மட்டுமே வரும் என்பதில்லை. உட்சுருளின் செப்பில் எறும்புப் புற்றைப் போல் நுண்ணிய சுரங்கங்கள் தோன்றுவதுண்டு. புதுப் பூச்சு, பசை, பலகை முதலியவற்றிலிருந்து எழும் அமில ஆவியும் ஈரமும் சேர்ந்து செய்யும் கேடு அது. பொருத்தும்போது அவசரப்படுவதால் விளையும் ஒழுக்கும் உண்டு. குழாய்களைப் பூட்டிய பின், உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெற்றிடப் பம்பினால் இழுத்தெடுத்தல் வேண்டும். பம்பு இல்லாமல் சிறிது வாயுவை விட்டு ஊதித் தள்ளிவிட்டு, "வேலை முடிந்தது" என்போரும் உளர். உள்ளே தங்கிய ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, அமுக்கியை மெல்ல மெல்ல அரிக்கும். பொருத்த வருபவரிடம் பம்பு உண்டா என்று வீட்டார் பார்த்துக்கொள்வதில் வெட்கப்பட எதுவுமில்லை.

வடிகட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவி உலர்த்துவது பிள்ளைகளும் செய்யத்தக்க வேலை. மருதமுனையில் தறி உள்ள வீட்டார் மட்டும் வாரந்தோறும் பார்த்தல் நலம். நூற்பஞ்சு அதில் வெகு விரைவில் படரும்.

மின்சாரம் அடுத்த பகை. நம் நாட்டு வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று என்பது பெயரளவில். மாலையில் எல்லா வீட்டிலும் எல்லாம் ஓடும்போது, நீண்ட கம்பியின் கடைசி வீட்டுக்கு அது குறைந்தே வந்து சேரும். வோல்ற்று குறைந்தால் மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில், மார்ச் மாத இறுதியில், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியது நினைவிருக்கும். மின்சாரம் போவதைக் காட்டிலும் அது திரும்பி வரும் கணமே கருவிக்கு ஆபத்தானது. குழாயின் இரு பக்க அழுத்தமும் சமனாகச் சில நிமிடங்கள் வேண்டும். அதற்குள் மீண்டும் இயக்கினால் அமுக்கி பாரத்தோடு எழ முயன்று திணறும். பல பெட்டிகள் தாமே மூன்று நிமிடம் காத்திருக்குமாறு அமைக்கப்பட்டுள்ளன. பழைய பெட்டிக்கு நாமே காத்திருக்க வேண்டும்.

'இன்வேற்றர்' எனப்படும் புதுவகைப் பெட்டிகள் மின்சாரத்தை மிச்சப்படுத்துவன. 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் மின்கட்டணம் உயர்த்தப்பட்டபின் மக்கள் அவற்றை நாடியதில் வியப்பில்லை. ஆனால் அவற்றின் மூளையாகிய மின்சுற்றுப் பலகை மென்மையானது. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழங்கும் மாலைகளில் ஆளியை நிறுத்துவதோடு அமையாது, மின்னலுக்கான காப்பும் நல்ல புவித்தொடுப்பும் வேண்டும். இடியிலும் சிறிய எதிரி ஒன்றுண்டு: பல்லி! இளஞ்சூட்டை நாடிப் பலகைக்குள் புகுந்து, இரு கம்பிகளுக்குப் பாலமாகித் தானும் மாண்டு பலகையையும் மாய்க்கும். துளைகளை வலையால் மூடுவதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

பெட்டியின் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு தொன் என்பது ஒரு தொன் பனிக்கட்டியை 24 மணிநேரத்தில் உருக்கும் வெப்பம், அதாவது மணிக்கு 12,000 பீ.ரீ.யூ. என்று கொள்ளப்படும். தட்டின் கீழ் உள்ள பெரிய அறைக்குச் சிறிய பெட்டி வாங்கினால் அது இரவு முழுவதும் ஓய்வின்றி ஓடும். சிறிய அறைக்குப் பெரிய பெட்டி வாங்கினால் நிமிடத்துக்கு நிமிடம் நின்று நின்று எழும், ஈரமும் போகாது. இரண்டும் ஆயுளைக் குறைப்பன. பதினெட்டுப் பாகையில் வைத்துப் போர்வை போர்த்து உறங்குவதில் என்ன இன்பம் உள்ளதோ நமக்கு விளங்கவில்லை. இருபத்தைந்தில் வைத்து ஒரு மின்விசிறியையும் மெல்லச் சுழலவிட்டால் அறையும் இதமாகும், அமுக்கியும் மூச்சுவிடும்.

பெட்டி பழுதானால் திருத்துவதா, மாற்றுவதா? வயது ஏழெட்டைத் தாண்டி, சுருளும் உதிர்ந்து, அமுக்கியும் போயிருப்பின் திருத்துவது பயனற்றது. வடிகட்டியோ கெப்பாசிற்றரோ பலகையோ மட்டும் பிழையாயின் திருத்தலாம்; கெப்பாசிற்றர் மாற்றினாலே எழுந்துவிடக்கூடிய பெட்டியை "முடிந்தது" என்று தீர்ப்பிட்டு விற்றுவிட்டோரும் உளர். பழைய பெட்டிகளில் உள்ள ஆர்-22 என்னும் வாயு, ஓசோன் படலத்துக்குக் கேடு செய்வதால், 1987ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கையின் கீழ்ப் படிப்படியாக விலக்கப்படுகிறது. வளர்முக நாடுகளில் 2030ஆம் ஆண்டோடு அது ஏறத்தாழ நின்றுவிடும். அந்த வாயுவில் ஓடும் பெட்டிக்கு வயது எவ்வளவாயினும், பெரும் பழுது வந்தால் அதுவே முடிவெனக் கொள்ளலாம். புதிய பெட்டிகளில் ஆர்-410ஏ அல்லது ஆர்-32 இருக்கும். ஆர்-410ஏயின் அழுத்தம் ஆர்-22இனுடையதை விட ஏறத்தாழ அறுபது வீதம் கூடியது. ஆர்-32 சிறிதளவு தீப்பற்றும் இயல்புடையது. ஆகவே ஒன்றுக்குரிய பெட்டியில் மற்றொன்றை நிரப்ப எவர் முன்வந்தாலும் இசைதல் கூடாது.

பெட்டியைக் கழற்றும் நாளிலும் ஒரு கடமை எஞ்சியிருக்கிறது. உள்ளிருக்கும் வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் உருளையில் மீட்டெடுக்கத் தெரிந்தவரைக் கொண்டே அதனைக் கழற்றுவித்தல் வேண்டும். பழைய இரும்பு வாங்க வருபவர் அதைக் கேட்கமாட்டார். அவர் கண் செப்புக் குழாயின் மேலேயே இருக்கும்.